ஷ்மிட் என்றால் கொல்லர்தானா? ஒரு ஜெர்மன் குடும்பப்பெயரைப் பற்றி

மலர் (ஸ்டுட்கார்ட்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பெயரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

என் மகள் இங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் ஷ்மிட் என்ற குடும்பப்பெயருடன் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். காதில் விழும்போது மூன்றும் ஒன்றுதான். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்த பட்டியலைப் பார்த்தால் எழுத்து மூன்று விதமாக இருக்கிறது. ஒருவர் பெயர் மெலிந்த ட, வல்லின ட என இரண்டு எழுத்துகளில் முடிகிறது. அதாவது 'வண்டி'யில் வரும் ட ஒன்று, 'பட்டம்' என்பதில் வரும் ட ஒன்று. இன்னொருவருக்கு வல்லினமே இரண்டு முறை. மூன்றாமவருக்கு மெலிந்தது மட்டும். ஆசிரியர் கூப்பிடும்போது ஷ்மிட் என்றுதான் கூப்பிடுகிறார். எழுதும்போது மட்டும் "எந்த ஷ்மிட்?" என்று கேட்டுவிட்டு எழுதுகிறார்.

சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். தோழிகளின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொல்லி மகள் கேட்டாள். அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது. இவை மூன்றும் ஒரே பெயரா? இதன் பொருள் என்ன? தமிழில் எப்படி எழுதுவது சரி?


ஹைடல்பெர்க் வாசகன்

ஒரே பெயர்தான் அக்கா. பொருள் கொல்லர். ஜெர்மனில் இன்றும் கொல்லரை 'ஷ்மீட்' என்று உயிரை நீட்டிச் சொல்வார்கள். குடும்பப்பெயரில் அது குறுகி ஷ்மிட் ஆகிவிட்டது. ஆங்கில ஸ்மித், டச்சு ஸ்மிட் எல்லாம் ஒரே வேர். இன்று ஜெர்மனியில் மிக அதிகமாக உள்ள குடும்பப்பெயர் ம்யூல்லர், மாவு அரைக்கும் ஆலைக்காரர். அடுத்த இடம் ஷ்மிட்டுக்கு.

எழுத்து ஏன் வேறுபடுகிறது என்றால், சொல்லின் அடியில் இருப்பது மெலிந்த ட. 'ஷ்மீட' என்று பன்மை சொல்லும்போது அது தெளிவாகக் கேட்கும். சொல்லின் கடைசியில் வந்தால் ஜெர்மன்காரர்கள் அதை வல்லினமாகவே சொல்வார்கள். பழைய எழுத்தர்களில் சிலர் மூலத்தைப் பார்த்து எழுதினார்கள், சிலர் காதில் கேட்டதை எழுதினார்கள், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு எழுத்தர்களுக்கு மெய்யெழுத்துகளை அடுக்கி எழுதுவது பிடித்திருந்தது. அதுதான் அந்த இரட்டை முடிவு.

எழுத்தை வைத்து ஓரளவுக்கு ஊரையும் சொல்லலாம். மெலிந்த ட மட்டும் என்றால் பெரும்பாலும் உங்கள் ஸ்வாபியப் பக்கம், பவேரியா, சுவிட்சர்லாந்து. வல்லினம் இரண்டு என்றால் ஃபிராங்கோனியா, ஃபால்ட்ஸ், மோசல் ஆற்றுப் பக்கம். இரண்டும் கலந்தது நடு ஜெர்மனியிலும் வடக்கிலும் கிழக்கிலும் அதிகம். கொலோன் நகரத்துக்குப் போனால் ஷ்மிட்ஸ். கடைசியில் இருக்கும் 'ஸ்' உடைமையைக் காட்டுவது. கொல்லருடைய மகன் என்று பொருள்.


மலர் (ஸ்டுட்கார்ட்)

அருமை தம்பி. ஒன்று மட்டும் புரியவில்லை. இத்தனை ஷ்மிட்டுகள் இருக்கிறார்கள் என்றால் அந்தக் காலத்தில் அத்தனை பேர் கொல்லர்களாகவா இருந்தார்கள்?


கொல்லுப்பட்டறை

இதற்கு நான் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். என் தாத்தா கொல்லர். விருதுநகர் பக்கம் ஒரு கரிசல் கிராமம்.

கொல்லர் நிறைய பேர் இருந்ததால் இந்தப் பெயர் பெருகவில்லை. ஊருக்கு ஒருவர்தான் இருந்தார், அதனால் பெருகியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரில் நூறு பேர் உழவர்கள் என்றால் ஒருவரை 'உழவர்' என்று கூப்பிட்டு அடையாளம் காட்ட முடியாது. ஹான்ஸ் என்ற பெயரில் ஆறு பேர் இருக்கும்போது 'பட்டறைக்கார ஹான்ஸ்' என்றால் யார் என்று உடனே தெரியும். அப்படி ஒவ்வோர் ஊரிலும் ஒருவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆயிரம் ஊர் என்றால் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஆயிரம் ஷ்மிட் குடும்பங்கள்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். தாத்தாவின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'கொல்லாசாரி வீடு' என்றால் போதும். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கொழு தட்ட, வண்டிப் பட்டா போட, அரிவாள் தீட்ட வருவார்கள். கூலி பெரும்பாலும் காசு கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் தானியமாக அளந்து கொடுப்பார்கள். ஏழு ஊர் வேலைக்கு ஓர் ஊரில் இருக்கும் உலைத்துருத்தியைப் போல நெஞ்சு ஓய்வில்லாமல் வருந்துகிறது என்று குறுந்தொகையில் ஓர் உவமை வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் தாத்தாவின் துருத்தி ஞாபகம் வரும். ஏழு ஊருக்கு ஒரு பட்டறை என்பதுதான் இந்தப் பெயரின் கணக்கும்.


ஹைடல்பெர்க் வாசகன்

மிகச் சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. ம்யூல்லருக்கும் இதே கணக்குதான். பல ஊருக்கு ஓர் ஆலை.

ஊர் பெரிதாகி ஒரே இடத்தில் பல கொல்லர்கள் சேர்ந்த பிறகு வெறும் ஷ்மிட் போதவில்லை. முன்னால் ஓர் ஒட்டு வந்தது. மெஸ்ஸர் என்றால் கத்தி, மெஸ்ஸர்ஷ்மிட் என்றால் கத்திக் கொல்லர். பின்னாளில் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டின் விமானங்களால் அந்தப் பெயர் உலகமெல்லாம் தெரிந்தது. கோல்ட்ஷ்மிட் நம் பொற்கொல்லர். குப்ஃபர்ஷ்மிட் செம்புக் கொல்லர். நாகெல்ஷ்மிட் ஆணி அடிப்பவர். ஹம்மர்ஷ்மிட் என்பது ஆற்று நீரால் ஓடும் பெரிய சம்மட்டியை வைத்து இரும்பை அடிக்கும் ஆலைக்காரர். க்ளைன்ஷ்மிட் என்றால் சொல்லுக்குச் சொல் 'சின்னக் கொல்லர்'. பூட்டு, கீல், சாவி மாதிரி நுண்வேலை செய்பவர் என்பதுதான் பொருள், ஆள் சின்னவர் என்பது அல்ல.


குமரிக்கடல்

மன்னிக்கவும், ஒரு நெருடலான கேள்வி. தொழிலை வைத்து வந்த பெயர், பரம்பரையாகத் தொடர்கிறது. அப்படியென்றால் இதுவும் சாதிப்பெயர்தானே? நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடக் கூடாது என்று போராடி விட்டோம். அவர்கள் போட்டால் மட்டும் குடும்பப்பெயர் என்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது.


கொல்லுப்பட்டறை

கேட்டது நல்லது. எனக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் இரண்டும் ஒன்று என்று நான் ஏற்க மாட்டேன்.

என் அப்பா ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தார். சம்மட்டியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஊருக்குப் போனால் அவர் யார், எந்தத் தெருவில் நடக்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பது பிறப்பை வைத்தே முடிவானது. ஷ்மிட் என்ற பெயர் அப்படி எதையும் முடிவு செய்வதில்லை. ஒரு ஷ்மிட் ஒரு ஃபிஷரை, அதாவது மீனவர் என்று பொருள்படும் பெயருள்ளவரை, கட்டிக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர் தொழிலிலிருந்து கழன்றுவிட்டது. நம் ஊரில் தொழில் போன பிறகும் சாதி கழலவில்லை. அதனால்தான் நாம் பெயரிலிருந்து அதை வெட்ட வேண்டியிருந்தது. அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.


ஹைடல்பெர்க் வாசகன்

அண்ணன் சொன்னதோடு சேர்த்து இதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியிலும் பிறப்பை வைத்து ஒதுக்கியது உண்டு. கொலைத்தண்டனை நிறைவேற்றுபவர், செத்த விலங்கின் தோலை உரிப்பவர் போன்றோரை 'மானமற்ற தொழில்' செய்பவர்கள் என்று தள்ளி வைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளைக் கைவினைஞர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. பல இடங்களில் அவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1731இல் அன்றைய புனித ரோமானியப் பேரரசு கொண்டுவந்த கைவினைச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 1810இல் பிரஷியா என்ற அன்றைய ஜெர்மன் அரசு தொழில் செய்யும் உரிமையைப் பொதுவில் திறந்துவிட்டது. ஆகவே அங்கே ஒன்றுமே இல்லை என்று சொன்னால் தவறு. ஆனால் ஷ்மிட் அந்தப் பட்டியலில் இல்லை. கொல்லர் மதிப்பான தொழிலாளி.

இன்னொன்று. இந்தப் பெயர் இரத்த வழியையும் சொல்லாது. 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் சான்சலராக இருந்த ஹெல்முட் ஷ்மிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தந்தை குழந்தையாக இருக்கும்போது தத்துக் கொடுக்கப்பட்டவர். ஷ்மிட் என்பது வளர்த்த குடும்பத்தின் பெயர். பெற்ற தந்தை ஒரு யூத வங்கியாளர். நாஜி ஆட்சியில் இதை மறைத்துத்தான் குடும்பம் தப்பித்தது. ஷ்மிட் என்ற மிகப் பொதுவான பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை. அவர் மனைவி லோக்கி பிறந்த வீட்டில் கிளாசர், கண்ணாடி பொருத்துபவர் என்று பொருள்.


வல்வை மைந்தன்

நான் டோர்ட்முண்டில் முப்பது வருடமாக இருக்கிறேன். இந்தப் பெயர் விசயத்தில் எங்கட ஆக்கள் பட்ட பாடு தனி.

இங்கே படிவம் எதுவானாலும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். எங்களிடம் இருப்பதோ அப்பாவின் பெயரும் சொந்தப் பெயரும். நான் வந்த புதிதில் பதிவு செய்த அலுவலகத்தில் என் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். திருத்தக் கேட்டும் நடக்கவில்லை. மனைவிக்கு அவளுடைய அப்பா பெயர். மகன் பிறந்தபோது அவனுக்கும் என் அப்பாவின் பெயரே குடும்பப்பெயராகப் போனது. இப்போது பள்ளியில் பேரனை என் அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்பா 1987இல் காலமானவர். அவருடைய பெயர் இந்த நாட்டில் நான்காம் தலைமுறைக்குப் போய்விட்டது. முதலில் கோபமாக இருந்தது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் கண் கலங்குகிறது.

எனக்கு ஒரு கேள்வி. ஜெர்மன்காரருக்கும் முன்பு இப்படி அப்பா பெயர் மாறி மாறி வந்ததா?


ஹைடல்பெர்க் வாசகன்

வந்தது ஐயா. வடமேற்கு மூலையில் கிழக்கு ஃபிரீஸ்லாந்து என்ற பகுதி இருக்கிறது. அங்கே தலைமுறைக்குத் தலைமுறை அப்பாவின் பெயரே பின்பெயராக மாறிக்கொண்டிருந்தது. நெப்போலியன் ஆட்சி அங்கே நடந்தபோது 1811இல் நிரந்தரக் குடும்பப்பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று ஆணை போட்டார்கள். பலர் அன்றைக்கு இருந்த அப்பா பெயரையே நிலையாக்கிவிட்டார்கள். அதன்பிறகும் மக்கள் பழைய வழக்கத்தை விட நெடுநாள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அன்றைக்கு அவர்களுக்கும் நடந்ததுதான்.

பிற இடங்களில் இது மெதுவாக நடந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் தெற்கு, மேற்கு நகரங்களில் பின்பெயர் பரம்பரையாகத் தொடங்கி, கிராமங்களுக்கும் வடக்குக்கும் பிறகு போனது. எழுத்துமுறை மட்டும் மிகவும் பிந்தித்தான் உறைந்தது. ஒரே ஆளை ஞானஸ்நானப் பதிவில் ஒரு மாதிரியும் திருமணப் பதிவில் வேறு மாதிரியும் பாதிரியார் எழுதியிருப்பார். 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுக்க அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தன. பதிவேட்டில் ஏறிய எழுத்தே அந்தக் குடும்பத்துக்கு நிலையானது. மலர் அக்காவின் பட்டியலில் மூன்று விதம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். இன்று அந்த ஓர் எழுத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.


கொங்குத் தறி

பெண்கள் விசயம் எப்படி? கட்டாயம் கணவன் பெயர்தானா?


மலர் (ஸ்டுட்கார்ட்)

இதை நான் சொல்கிறேன், எனக்குப் பட்டுத் தெரியும். முன்பு அப்படித்தான் இருந்தது. 1976இல்தான் மனைவியின் பெயரையும் பொதுப்பெயராக எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. ஆனால் இருவரும் முடிவு செய்யாவிட்டால் கணவன் பெயரே விழும். 1991இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1994 முதல் அவரவர் பெயரை அவரவர் வைத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் இருவருமே இரண்டு பெயரையும் சேர்த்து வைக்கலாம், பிள்ளைகளுக்கும் வைக்கலாம். நான் என் பெயரை மாற்றவில்லை. என் அப்பாவின் பெயர் என்னோடு இருப்பது எனக்குப் பெரிய விசயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பெண்ணின் குடும்பப்பெயருக்கு 'இன்' என்ற விகுதியையே சேர்த்தார்களாம். கார்ஷ் என்ற குடும்பத்துக் கவிஞர் அன்னா லூயிசாவைக் கார்ஷின் என்றே அழைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஷ்மிட் வீட்டுப் பெண் ஷ்மிட்டின்.


வேப்பேரி வாசகி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். நம் ஊரிலேயே ஒரு ஷ்மிட் இருந்திருக்கிறார், வேறு உடையில்.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மன் படிப்பாளிகள் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்வது வழக்கம். பவுவர், அதாவது உழவர், அக்ரிகோலா ஆனார். சுரங்கத் தொழிலைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய கெயோர்க் அக்ரிகோலா அப்படி வந்தவர். ஷ்னைடர் என்ற தையற்காரர் சர்டோரியுஸ். ஃபிஷர் பிஸ்காட்டர். ஷ்மிட்? லத்தீனில் கைவினைஞருக்கு, கொல்லருக்கு 'ஃபாபர்'. அதிலிருந்து ஃபப்ரிசியுஸ்.

இப்போது புரிந்திருக்கும். வேப்பேரியில் இருந்து தமிழுக்கு உழைத்த பாதிரியார் யோகான் பிலிப் பப்ரிசியஸ்! 1711இல் ஹெஸ்ஸன் பகுதியில் கிளேபெர்க் என்ற ஊரில் பிறந்தவர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னைக்கு மாறி, 1791இல் இங்கேயே இறந்தார். 1761இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கொண்டுவந்த அச்சு இயந்திரம் அவர் பொறுப்புக்கு வந்தது. அவரும் பிரைட்ஹவுப்ட் என்ற உடன் ஊழியரும் சேர்த்த தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சானது. விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தார், பாடல்களைப் பெயர்த்தார். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. அந்த வழியாக எத்தனை வருடம் நடந்திருக்கிறேன்! அந்தப் பலகையில் இருப்பது கொல்லர் என்ற சொல் என்று எனக்குத் தெரியாது. சொல்லைக் காய்ச்சி அடித்து அகராதி செய்த மனிதருக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.

பென்சில் பெட்டியில் ஃபாபர் காஸ்டெல் என்று படித்திருப்பீர்களே, அந்த ஃபாபரும் இதே சொல்தான். 1761இல் நியூரம்பெர்க் பக்கம் ஸ்டைன் என்ற ஊரில் பென்சில் செய்யத் தொடங்கிய காஸ்பர் ஃபாபர் குடும்பம் அது. பின்னால் அந்த வீட்டுப் பெண் 1898இல் காஸ்டெல் குடும்பத்துப் பிரபுவை மணந்ததால் இரண்டு பெயரும் சேர்ந்தன.


கொல்லுப்பட்டறை

அம்மா, இதைப் படித்து நான் எழுந்து கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். பப்ரிசியஸ் அகராதியின் மறுபதிப்பு ஒன்று என் மேசையிலேயே இருக்கிறது. கொல்லன், கொல், உலை எல்லாம் அதில் தேடிப் பார்த்திருக்கிறேன். செய்தவர் பெயரைத் தேட எனக்குத் தோன்றவில்லை. மிக்க நன்றி.


நட்சத்திரம் பார்ப்பவன்

இன்னொரு தமிழ்நாட்டு ஷ்மிட்டும் உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் காவலூர் வானாய்வகத்தில் ஷ்மிட் தொலைநோக்கி இருக்கிறது. அகன்ற வானத்தை ஒரே படத்தில் பிடிப்பது அதன் சிறப்பு. அதை வடிவமைத்த பெர்ன்ஹார்ட் ஷ்மிட் எஸ்தோனியாவில் ஒரு தீவில் பிறந்தவர். சிறுவயதில் வெடிமருந்து விபத்தில் வலக்கை போய்விட்டது. ஒற்றைக் கையால் கண்ணாடி தேய்த்து, 1930 வாக்கில் ஹம்பர்கில் இந்த அமைப்பை உருவாக்கினார். காவலூர் ஷ்மிட்டில் 1988இல் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு இராமானுஜன் என்று பெயர்.


கொங்குத் தறி

தலைப்பு கொஞ்சம் விலகினாலும் ஒன்று. மியூனிக்கில் வேலை பார்த்தபோது கிராமத்துப் பக்கம் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். அவர்கள் குடும்பப்பெயர் ஹூபர். ஆனால் ஊரில் எல்லோரும் 'ஷ்மீட் வீட்டுக்காரர்' என்றார்கள். விசாரித்தால், அந்த வீட்டில் முன்பு பட்டறை இருந்ததாம். ஆள் மாறினாலும் வீட்டின் பெயர் மாறுவதில்லை. அங்கே பேச்சில் குடும்பப்பெயர் முதலில், ஆளின் பெயர் பிறகு. 'ஹூபர் செப்' என்பார்கள். நம் தலைப்பெழுத்து முன்னால் வருகிற மாதிரி.


குமரிக்கடல்

என் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்கு நன்றி. உறுத்தல் முழுதாகப் போகவில்லை. ஆனால் பெயர் தொழிலிலிருந்து கழலும், சாதி கழலவில்லை என்ற வேறுபாடு புரிகிறது.

தமிழில் எழுதுவது பற்றி என் கருத்து: 'ஸ்மித்' என்று எழுதாதீர்கள், அது ஆங்கிலேயரின் பெயர். அமெரிக்காவுக்குப் போன பல ஷ்மிட்டுகள், அதிலும் முதல் உலகப் போர்க் காலத்து வெறுப்புக்குப் பயந்து, ஸ்மித் ஆனார்கள். அது அவர்கள் கதை. ஜெர்மனியில் இருப்பவரை நாம் ஸ்மித் ஆக்க வேண்டாம். 'ஷ்மிட்' போதும். கிரந்தம் வேண்டாம் என்பவர் 'சிமிட்' என்று எழுதலாம்.


மலர் (ஸ்டுட்கார்ட்)

இன்று பள்ளி வாசலில் மூன்று வீட்டாரிடமும் கேட்டேன். மெலிந்த ட மட்டும் வைத்திருக்கும் வீட்டார் ஆல்காய் மலைப் பக்கம். இரட்டை வல்லினம் வைத்திருப்பவர் மைன்ட்ஸ் நகரத்துக்காரர். ஹைடல்பெர்க் தம்பி சொன்ன மாதிரியே இருந்தது. மூன்றாவது பிள்ளையின் பாட்டி மட்டும் பட்டறையை நேரில் பார்த்திருக்கிறார். அவருடைய தாத்தா துரிங்கியாவில் குதிரைக்கு லாடம் அடித்தவராம். ஆனால் அது அம்மா வழித் தாத்தா, அவர் குடும்பப்பெயர் வாக்னர். வண்டி செய்பவர் என்று பொருள்! ஷ்மிட் என்ற பெயர் வந்த வழியில் யாரும் இரும்பைத் தொட்டதாக அவருக்கு நினைவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு அட்டை தயார். மேலே 'ஷ்மிட்' என்று தமிழில் மூன்று முறையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறேன். கீழே அவரவர் எழுத்தில் அவரவர் பெயர். மகள் பக்கத்தில் ஒரு சம்மட்டி வரைந்திருக்கிறாள். கொல்லுப்பட்டறை அண்ணா, உங்கள் தாத்தாவின் துருத்தி எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். படம் இருந்தால் இங்கே போடுங்கள்.


கொல்லுப்பட்டறை

படம் இல்லை தங்கச்சி. மாட்டுத்தோலில் செய்தது, ஓர் ஆள் நின்று சங்கிலியை இழுக்க வேண்டும். நாளை வரைந்து அனுப்புகிறேன்.